சுங்கத்தில் கிடந்த கண்

என்னுடைய இடது கண் அசையாது. அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் கழுத்தை முழுசாகத் திருப்பித்தான் பார்ப்பேன். காரைக்குடிக் கடைவீதியில் எனக்குத் திமிர் பிடித்த டீச்சர் என்று பெயர். அந்தப் பெயரைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை, அது ஒரு வகையில் சௌகரியம்தான். ஆனால் இந்தக் கண் அசைந்திருக்க வேண்டிய கண். அதை அசைய வைக்கிற சாமான் கடல் தாண்டி வந்து, நம் மண்ணில் இறங்கி, ஒரு சுங்க அலுவலகத்தின் இரும்பு அலமாரிக்குள் மாதக்கணக்கில் கிடந்தது. காலம் போனால் கோபம் தணியும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். எனக்குத் தணியவில்லை.

அறுபதுகள் முடியப் போகிற சமயம். எனக்குப் பதினாறு வயது. அப்பா சாக்கோட்டைப் பக்கம் இருந்த கொஞ்ச நிலத்தைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டுக் காரைக்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கப் போனேன். அப்பா ஒரு சக்கரத்தின் கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கக் குனிந்தேன். முறுக்கிய கம்பி ஒன்று அறுந்து என் இடது கண்ணில் தெறித்தது. அவ்வளவுதான் நடந்தது. அப்பாவின் மேல் தப்பு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, அவர்தான் நினைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் யாரைக் கண்டாலும் கும்பிட ஆரம்பித்தார். டாக்டரைக் கும்பிட்டார், கம்பவுண்டரைக் கும்பிட்டார், ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்து விடுகிறவரையும் கும்பிட்டார். எனக்குக் கண் வலித்ததைவிட அதைப் பார்க்கத்தான் அதிகம் வலித்தது.

மதுரையில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். வெளிநாட்டில் படித்தவர், மெதுவாகப் பேசுவார், பூசி மெழுகத் தெரியாதவர். என்னை வெளியே போகச் சொல்லாமல் எனக்கு எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னார். அடிபட்ட கண்ணில் இனிப் பார்வை வராது. அதை அப்படியே வைத்திருந்தால் நல்ல கண்ணும் அதோடு சேர்ந்து கெட்டுப்போகக்கூடும். எடுத்துத்தான் ஆக வேண்டும். நாளைக்கே என்று அவசரம் இல்லை, ஆனால் ரொம்பத் தள்ளிப்போடவும் கூடாது.

“எடுத்துட்டு ஒரு கண்ணாடிக் கண்ணு வைக்கலாம். பாக்க நல்லாத்தான் இருக்கும். அசையாது. இன்னொரு வழியும் இருக்கு” என்று பென்சிலை எடுத்துப் படம் போட்டார்.

கோலிக்குண்டு அளவில் ஒரு பந்து. கண்ணை எடுத்த குழிக்குள் அதை வைத்து, கண்ணைத் திருப்புகிற தசைகளை இழுத்து அதன் மேல் தைத்துவிடுவார். பந்தின் முகத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். மேலே போடுகிற செயற்கைக் கண்ணின் முதுகில் ஒரு முளை இருக்கும். முளை பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டால், பந்து திரும்பும்போது கண்ணும் திரும்பும். வலது கண் பார்க்கிற பக்கம் இடது கண்ணும் போகும். யாருக்கும் தெரியாது.

“நம்ம ஊர்ல கிடைக்காது. வெளிநாட்டுலருந்துதான் வரணும். ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்குங்க. கண்ணை எடுக்கிற அன்னைக்கே, அதே ஆபரேஷன்லயே பந்தை வைக்கணும். எடுத்து விட்டுட்டா தசையெல்லாம் சுருங்கி உள்ள போய் ஒட்டிக்கும். அப்புறம் பந்து வந்தும் பிரயோஜனம் இல்லை.”

அந்தக் கடைசிப் பேச்சு பதினாறு வயது எனக்குப் புரிந்தது. சைக்கிள் கடைக்கார அப்பாவுக்குப் புரிந்தது. பின்னால் வந்த படித்த மனிதர்களுக்கு மட்டும் கடைசி வரை புரியவேயில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, பினாங்கில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். அப்பா அவருக்கு எழுதினார். மாமா அலைந்து திரிந்து, டாக்டர் குறித்துக் கொடுத்த அதே சாமானை, அதே அளவில் வாங்கிவிட்டார். இது வரைக்கும் எல்லாம் சரி. இதற்கு மேல்தான் எங்கள் பக்கத்து மனிதர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார்.

எங்கள் பக்கம் கண்ணில் நோவு என்றால் நாட்டரசன்கோட்டை அம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். நோவு தீர்ந்ததும் கண்மலர் சாத்துவார்கள். கண் வடிவில் தட்டிய சின்னத் தகடு அது. கோயிலுக்குப் பக்கத்திலேயே வெள்ளியில் வாங்கிக்கொள்ளலாம். அம்மா எனக்காக நேர்ந்திருந்ததை மாமாவுக்கும் எழுதியிருக்கிறாள். அக்கா மகளுக்கு வெள்ளி போதாது என்று மாமாவுக்குத் தோன்றிவிட்டது. பினாங்கிலேயே ஒரு ஜோடிக் கண்மலரைத் தங்கத்தில் செய்து, மஞ்சள் துணியில் முடிந்து, அந்தப் பந்து இருந்த அதே பெட்டிக்குள் பந்துக்குப் பக்கத்தில் செருகிவிட்டார். சாமிக்கு நேர்ந்த கண்ணும் மருமகளுக்கு வைக்கப்போகிற கண்ணும் ஒன்றாக வந்து இறங்கினால்தான் பலிக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வெளியிலிருந்து ஒரு குன்றிமணித் தங்கம் கொண்டுவந்தாலே ஜெயில் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்த காலம் அது. பாசம் கண்ணை மறைத்தது என்று சொல்லலாம். அவரைத் திட்டவும் முடியவில்லை, அதுதான் பெரிய எரிச்சல்.

பெட்டியைக் கப்பலில் எடுத்து வந்தவர் இளையான்குடிப் பக்கத்து பாய் ஒருவர், மாமாவுக்குப் பழக்கமானவர். துறைமுகத்தில் அவரையும் பெட்டியையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். அவரை மறுநாள் விட்டார்கள். பெட்டியை விடவில்லை. அவர் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அப்பாவின் கடைக்கு வந்தார்.

“அண்ணே, அல்லா அறிய எனக்கு உள்ள தங்கம் இருக்குறது தெரியாது. பிள்ளைக்குக் கண்ணுன்னு சொல்லித்தான் குடுத்தாக. நான் அதைத்தான் அவுககிட்டயும் சொன்னேன்” என்று கண் கலங்கினார். அப்பா அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டுத் துறைமுகத்துக்கு பஸ் ஏறினார்.

எந்தத் துறைமுகம் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. போய்வந்த அப்பா, அங்கே நடந்ததை அம்மாவிடம் சொன்னார். அதிகாரி மேஜையின் மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாராம்.

“இது என்ன?”

“கண்ணுங்கய்யா.”

“அப்ப இது?”

“அதுவும் கண்ணுதாங்கய்யா. சாமிக்கு.”

அதிகாரி பந்தை எடுத்து உருட்டிப் பார்த்தாராம். அதன் முகத்தில் தசையைத் தைப்பதற்காக வெள்ளி போல மினுங்குகிற மெல்லிய கம்பி வலை ஒன்று இருந்தது. “இதுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?” என்று கேட்டிருக்கிறார். ஒன்றும் இல்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். “ஒண்ணும் இல்லாததை எதுக்கு அவ்வளவு தூரத்துலருந்து வரவழைக்கிறீங்க?” என்று அதற்கு ஒரு கேள்வி. பந்தை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று பக்கத்திலிருந்த ஒருவர் யோசனை சொல்ல, அப்பா அவர் காலில் விழாத குறை. அறுக்காமல் விட்டதே அவர்கள் செய்த பெரிய உபகாரம் என்று அப்பா வீட்டில் வந்து சொன்னபோது, எனக்கு வந்த ஆத்திரத்தில் முன்னால் இருந்த சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனேன்.

தங்கத்தை விட்டுவிடுகிறோம், அபராதம் போடுங்கள், பந்தை மட்டும் கொடுங்கள் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். அபராதம் கட்டினார். தங்கம் போயிற்று. அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆனாலும் பந்து வரவில்லை. இப்போது புதிதாக வேறு ஒன்று கிளம்பியிருந்தது. பந்து எந்த இனத்தில் சேரும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மருந்து என்றால் ஒரு சட்டம், அலங்காரச் சாமான் என்றால் ஒரு சட்டம். கண் அசைவது அழகுக்குத்தானே, பார்வை வரப்போவதில்லையே என்று ஒருவர் குறிப்பு எழுதியிருந்தாராம். அப்படியானால் அது பவுடர், சென்ட் வகையறா. அதற்கு அனுமதி கிடையாது. அழகுக்காம்! மூக்கு அறுந்தவன் மூக்கு ஒட்டவைத்துக்கொள்வதும் அழகுக்குத்தான் என்று அந்த மனிதர் எழுதுவாரா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது.

கடைசியில், சாமான் யாருக்கு வேண்டுமோ அந்த ஆளை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். நானும் போனேன். அதிகாரி, சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் மாதிரி இல்லை. எனக்கு உட்கார நாற்காலி போடச் சொன்னார், பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நிற்கச் சொன்னார். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி என் முகத்தை அங்குட்டும் இங்குட்டும் திருப்பிப் பார்த்தார்.

“கண்ணு இருக்கேம்மா” என்றார்.

“பார்வை இல்லை சார்” என்றேன்.

“பார்வை வேற, கண்ணு வேற. செயற்கைக் கண்ணு யாருக்கு? கண்ணு இல்லாதவங்களுக்கு. உனக்கு ரெண்டும் இருக்கு. மூணாவது கண்ணுக்கு நான் எப்படி அனுமதி எழுதறது? கண்ணை எடுத்தாச்சுன்னு டாக்டர்கிட்டருந்து ஒரு சர்டிபிகேட் கொண்டுவாங்க, அன்னைக்கே விட்டுடறேன்.”

“பந்து வந்தாத்தான் சார் கண்ணை எடுக்க முடியும். ரெண்டும் ஒரே நேரத்துல செய்யணும்.”

“கண்ணை எடுத்தாத்தாம்மா பந்து வரும்” என்று சிரித்தார்.

உண்மையிலேயே சிரித்தார். ஏதோ நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடுகிற விளையாட்டு மாதிரி. டாக்டரின் கடிதத்தை நான் எடுத்து நீட்டினேன். அதில் எல்லாம் விவரமாக எழுதியிருந்தது. அவர் படித்தார். படித்துவிட்டு, “இதுல எடுக்கப் போறேன்னுதானே எழுதியிருக்கார், எடுத்தேன்னு எழுதலையே” என்றார். அப்பா அவரைக் கும்பிட்டார். வாசலுக்கு வந்து பியூனையும் கும்பிட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் கேட்டேன். “அந்த ஆளை எதுக்குப்பா கும்பிட்டீக?”

“காரியம் ஆகணும்ல ஆத்தா.”

“ஆச்சா?”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் மறுபடி எழுதினார். மேலிடத்துக்கு எழுதினார். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு அப்பச்சி, வயதான செட்டியார், பட்டணத்தில் செல்வாக்கு உள்ளவர், அப்பாவுக்காகப் போனில் பேசினார். பைல் மேலே போயிருக்கிறது என்று பதில் வந்தது. மேலே போன பைல் கீழே வர வேண்டும், வந்தால் மறுபடி பக்கத்து அறைக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லை ஆட்டுக்குக்கூட வீடு திரும்ப இவ்வளவு நேரம் பிடிக்காது.

மாசி பிறந்த சமயம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை எழுத்து எனக்குக் கலங்கித் தெரிந்தது. வலது கண்ணில். என்னுடைய ஒரே கண்ணில். வெயிலில் வந்தால் கூசி நீர் கொட்டியது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அடுப்பை அணைக்காமலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விடிந்ததும் மதுரைக்குப் போனோம். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார், நிமிர்ந்தார்.

“இனிமே பந்துக்காகக் காத்திருக்க முடியாது” என்றார்.

அப்பா, இன்னும் நாலு நாள் பொறுத்தால் உத்தரவு வந்துவிடும் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான்தான் குறுக்கே பேசினேன். “எடுங்க டாக்டர்” என்றேன். தைரியம் ஒன்றும் இல்லை. பயம்தான். முழுக் குருடியாகிவிடுவேன் என்கிற பயம். ஆபரேஷன் அறையில் டாக்டர் என் தலைமாட்டில் வந்து நின்று, “மன்னிச்சுக்கம்மா” என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர் இல்லை. கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

வலது கண் மருந்துக்குத் தெளிந்தது. புண் ஆறிய பிறகு இடது பக்கம் கண்ணாடிக் கண் போட்டார்கள். நிறம் அச்சு அசலாக இருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். பார்த்தேன். பக்கத்தில் அம்மா ஏதோ சொல்ல, அவள் பக்கம் பார்வையைத் திருப்பினேன். பார்வையின் ஓரத்தில், கண்ணாடியில் தெரிந்தது எனக்கு. வலது கண் அம்மாவிடம் போயிருந்தது, இடது கண் என்னை விட்டு நகராமல் நின்றது. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

கண்ணை எடுத்தாகிவிட்டது என்று டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டை அப்பா அனுப்பி வைத்தார். எதற்கு அனுப்பினார் என்று கேட்டால், கேட்டார்களே என்றார். அதிகாரி சொன்ன வார்த்தை தவறவில்லை. உத்தரவு வந்துவிட்டது. அப்பா கடையைப் பூட்டக்கூட இல்லாமல் தாளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தார்.

“கண்ணு வந்துருச்சு ஆத்தா! விட்டுட்டாக!”

அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “எந்தக் கண்ணு? எங்க வைக்கப் போறீக? அதான் எல்லாம் ஒட்டிப் போச்சே!” என்று தெருவே கேட்கக் கத்தினேன். அப்பாவுக்கு அப்போதுதான் அது உறைத்தது. இத்தனை மாதம் பெட்டிக்காக அலைந்த அலைச்சலில், பெட்டி எதற்கு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அந்த அலுவலகம் அவரை அப்படி ஆக்கி வைத்திருந்தது.

பெட்டி அங்கேயே கிடக்கட்டும் என்று அப்பா சொன்னார். இனி அந்தப் பக்கம் தலைவைக்கப் போவதில்லை என்றார். ஆனால் அடுத்த முறை மதுரைக்குப் போனபோது டாக்டர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். ஒரு மில் தொழிலாளியின் மகள், என்னைவிடச் சின்னப் பிள்ளை, அவளுக்கும் ஒரு கண்ணை எடுக்க வேண்டும். பந்தின் அளவு சரியாக இருக்கும். அவளுக்காகப் புதிதாக வரவழைத்தால் என் கதைதான்.

“நான் போய் வாங்கிட்டு வாரேன்” என்றேன்.

உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது. சாமான் எனக்கு மட்டும்தான். நானே நேரில் வந்து, என் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வேறொருவருக்குக் கொடுத்தால் குற்றம். நானும் அப்பாவும் மறுபடி அந்த மேஜைக்கு முன்னால் போய் நின்றோம்.

அதிகாரிக்கு என்னை அடையாளம் தெரிந்தது. முகம் மலர்ந்து, “வாம்மா, சொன்ன மாதிரி விட்டுட்டேன் பார்த்தியா?” என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

“எடுத்த மாதிரியே தெரியலையே. அப்படியே இருக்கே கண்ணு. சர்டிபிகேட் சரியாத்தானே கொடுத்திருக்காங்க?”

அப்பா வழக்கம் போலக் கையைக் கூப்பப் போனார். நான் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன். பிறகு தலையைக் குனிந்து, கீழ் இமையை விரலால் இழுத்து, கண்ணாடிக் கண்ணை உள்ளங்கையில் வாங்கி, அவருடைய பைலின் மேல் வைத்தேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து அவரைப் பார்த்து நின்றது. நான் நிமிர்ந்து முகத்தைக் காட்டினேன்.

“ஐயோ, மூடும்மா, மூடிக்கோ” என்று அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பாருங்க சார். இருக்கா இல்லையான்னு நல்லாப் பாத்துக்கங்க. அன்னைக்கு வெளிச்சத்துல நிக்க வச்சுப் பாத்தீகளே, அதே மாதிரி பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. இத்தனை மாதம் ஆதாரம், ஆதாரம் என்று கேட்ட மனிதருக்கு அதைப் பார்க்க ஒரு நொடி தைரியம் வரவில்லை. சுவரைப் பார்த்தபடியே பியூனைக் கூப்பிட்டார். பெட்டி வந்தது. எழுதிக் கொடுக்க வேண்டிய தாளும் வந்தது. வெறும் குழியோடு நின்றபடியே அதை வாங்கிப் படித்தேன். இந்தச் சாமானை என் சொந்தக் கண்ணுக்கு மட்டுமே உபயோகிப்பேன், வேறு எவருக்கும் தர மாட்டேன் என்று போட்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன். கண்ணாடிக் கண்ணைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லாமல் வெளியே வந்தேன். அப்பாவும் யாரையும் கும்பிடவில்லை.

மறுநாளே பெட்டியை டாக்டரின் கையில் கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கண் நன்றாக அசைகிறது என்று பிறகு அவர் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பேனா, அழுதிருப்பேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்த அலுவலகத்தில் என் கையெழுத்தோடு ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாளின்படி, அசைகிற அந்தக் கண் என் முகத்தில்தான் இருக்கிறது.